வீட்ல படுக்கையில ஒருத்தவுக இருக்கும்போது நமக்குன்னு நேரம் எடுக்கிறது எப்படி?

தேவகோட்டை பக்கத்துலேருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காக. மாமியாருக்கு பக்கவாதம் வந்து எட்டு மாசம் ஆச்சு, வலது கையும் காலும் சரியா வரல, வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல வேலை, ஒன்பதாவதும் ஆறாவதும் படிக்கிற ரெண்டு பிள்ளைக, இவுக தனியார் ஸ்கூல்ல டீச்சர். பகல்ல பாத்துக்க ஒரு அம்மா வாராக, நாலரை மணிக்கு அவுக கிளம்பிட்டா அப்புறம் எல்லாம் இவுகதான். "செல்ஃப் கேர் செல்ஃப் கேர்னு எல்லாரும் சொல்றாக அக்கா, எனக்கு பாத்ரூம் போகக்கூட நேரம் இல்ல, இதுல எங்கிட்டு போய் நேரத்தை தேடுறது, அப்படியே எடுத்தாலும் அத்தை முகம் சுருங்குது, எனக்கே ஏதோ குத்தம் பண்ற மாதிரி இருக்கு"ன்னு எழுதியிருக்காக.

நான் 33 வருஷம் அரசு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, இப்ப கோட்டையூர்ல இருக்கேன். எங்க அம்மா இடுப்பு எலும்பு முறிஞ்சு மூணு வருஷம் படுக்கையில இருந்தாக, அதுல ரெண்டு வருஷம் நான் வேலைக்கும் போய்க்கிட்டே பாத்தேன். அதனால இந்த கேள்விய படிச்சதும் சும்மா கடந்து போக முடியல, கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், ஒரே மூச்சுல படிக்க முடியாட்டி ரெண்டு மூணு தடவையா படிங்க.

மொதல்ல அந்த பாத்ரூம் விஷயம். நீங்க அதை பேச்சுவாக்குல சொல்லிட்டு போயிட்டீங்க, எனக்கு அங்கதான் கண்ணு நிக்குது. நான் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்ஸிங் படிக்கும்போது டொரோதியா ஓரம்னு ஒரு அமெரிக்க நர்ஸோட கோட்பாடு பாடத்துல வந்துச்சு, 1971ல அவுக எழுதின புத்தகத்துலதான் இந்த சுயபராமரிப்புங்கிற விஷயத்தை நர்ஸிங்க்குள்ள முழுசா கொண்டு வந்தாக. மனுஷனா பொறந்த எல்லாருக்கும் தினமும் வேண்டிய தேவைன்னு எட்டை சொல்லியிருப்பாக. மூச்சு, தண்ணி, சாப்பாடு, கழிவு சரியா போறது, உழைப்புக்கும் ஓய்வுக்கும் ஒரு சமநிலை, தனியா இருக்கிறதுக்கும் மத்தவுகளோட இருக்கிறதுக்கும் ஒரு சமநிலை, உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராம பாத்துக்கிறது, நாலு பேரைப் போல நாமளும் இயல்பா வாழுறது. அவ்வளவுதான். இதுல ஃபேஷியலும் இல்ல ஸ்பாவும் இல்ல, அது தப்புன்னு சொல்லல, பிடிச்சா பண்ணிக்கோங்க, ஆனா மூத்திரம் போறது இந்த எட்டுல ஒன்னு. அதுக்கே நேரம் இல்லன்னா நீங்க சொகுசுக்கு நேரம் கேக்கல, நோயாளிக்கு கொடுக்கிற அடிப்படை கவனிப்பைத்தான் உங்களுக்கு கேக்குறீங்க. உலக சுகாதார நிறுவனமும் 2019ல சுயபராமரிப்புக்குன்னு ஒரு வழிகாட்டி போட்டாக, அதுலயும் பேச்சு ஆரோக்கியத்தை காப்பாத்திக்கிறது, நோய் வராம தடுக்கிறது, வந்தா சமாளிக்கிறது பத்திதான். ஜூலை 24ஐ அதுக்கான நாளா வச்சதே 24 மணி நேரமும் வாரம் 7 நாளும் நடக்க வேண்டிய வேலைங்கிறதுக்காகத்தான்.

வார்டு டூட்டில நான் மணிக்கணக்கா அடக்கி வச்சிருக்கேன், அடிக்கடி போகக்கூடாதுன்னு தண்ணியும் குடிக்க மாட்டேன். அதோட விலை என்னன்னா மூத்திரக்குழாய் கிருமி தொத்து திரும்பத் திரும்ப வந்து ஒருதடவை குளிர் காய்ச்சலோட கிட்னி வரைக்கும் போயி அஞ்சு நாள் ட்ரிப் ஏத்தி படுத்துக் கிடந்தேன். டீச்சர்மாருக்கும் பஸ் கண்டக்டருக்கும் கடையில நின்னுக்கிட்டே வேலை பாக்குற பொண்ணுகளுக்கும் இதே கதைதான். அதனால நாளையிலேருந்து உங்க மொத செல்ஃப் கேர் இதுதான், ஸ்கூல்ல ஒவ்வொரு இடைவேளைக்கும் போயே ஆகணும், ஒரு லிட்டர் பாட்டில் ஸ்டாஃப் ரூம்ல காலியாகணும், வீட்ல பகல் ஆள் கிளம்புறதுக்கு முன்னாடி நீங்க பாத்ரூம் போய் முகம் கழுவி ஒரு காபி குடிச்சிட்டுத்தான் அவுகளை அனுப்பணும், உள்ள நுழைஞ்ச உடனே பைய கூட வைக்காம "நீங்க கிளம்புங்க"ன்னு சொல்லாதீங்க. நாலரைக்கு போறவுகளை நாலே முக்காலுக்கு போகச் சொல்லி அதுக்கு மாசத்துக்கு கொஞ்சம் சேத்து கொடுங்க, அந்த கால் மணி நேரத்தை காசு கொடுத்து வாங்குறதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல.

இப்ப நேரம். நேரத்தை தேடினா கிடைக்காது தங்கச்சி, நான் தேடிப் பாத்துட்டேன். வேலை முடிஞ்சதும் ஓய்வுன்னு வச்சா நம்ம வீடுகள்ல வேலை முடியவே முடியாது. மத்திய அரசு 2019ல எடுத்த நேரப் பயன்பாட்டு கணக்கெடுப்புல வீட்டு வேலையில ஈடுபடுற பொம்பளைக அதுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆம்பளைக 97 நிமிஷம் செலவழிக்கிறதா வந்துச்சு. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், அதுவும் சம்பளம் இல்லாம, இதுல நோயாளிய பாக்குறது வேற கணக்கு. அப்படின்னா நமக்கு நேரம் வரணும்னா ஒரே வழிதான் இருக்கு, ஏதோ ஒரு வேலை நம்ம கைய விட்டு இன்னொரு கைக்கு போகணும், எந்த வேலை, யார் கைக்கு, எந்த நாள் எத்தனை மணிக்குன்னு பேர் சொல்லி கைமாத்தணும். "எனக்கு கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்களேன்"னு பொதுவா சொன்னா ஒருத்தரும் அசைய மாட்டாக, அது அவுக கெட்டவுகன்னு இல்ல, என்ன செய்யணும்னு தெரியாது.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கிற அன்னைக்கு ஒரு நகரத்தார் வீட்லயாவது "நேரம் இல்ல, அடுத்த வாரம் பாக்கலாம்"னு சொல்லி பாத்திருக்கீங்களா? எந்த தேசத்துல இருந்தாலும் சேந்து எடுத்துக்கிறாக. தைப்பூசத்துக்கு குன்றக்குடியிலேருந்து பழனிக்கு நடந்து போறாகளே, அத்தனை நாள் கடையும் வீடும் யார் பாக்குறாக? யாரோ பாக்குறாக. ஏன்னா தேதி முன்னாடியே தெரியும், வீட்ல எல்லாருக்கும் தெரியும், அதை யாரும் "உனக்கு இது தேவையா"ன்னு கேக்குறதில்ல. நேரம் இருந்ததால போகல, நாள் குறிச்சதால நேரம் வந்துச்சு. உங்க அரை மணி நேரத்துக்கும் அப்படி கிழமையும் மணியும் குறிச்சு வீட்டு காலண்டர்ல எழுதுங்க, பிள்ளைகளுக்கும் அத்தைக்கும் சிங்கப்பூருக்கும் சொல்லுங்க.

செவ்வாயும் வெள்ளியும் பொம்பளைக எண்ணெய் தேச்சு குளிக்கிறதும் அந்த மாதிரி ஒரு ஏற்பாடுதான். எண்ணெய் குளியல்ல உடம்புக்கு என்னென்ன நன்மைன்னு ஆளாளுக்கு சொல்றதெல்லாம் நான் இங்க சொல்லப் போறதில்ல, எனக்கு அதுல பெருசா தெரியிறது கதவு சாத்தியிருக்குங்கிறதுதான், அம்மா தலைக்கு எண்ணெய் வச்சிருக்கா, முக்கா மணி நேரம் கூப்பிடக் கூடாதுன்னு பிள்ளைக்கு கூட தெரியும். வேலைக்குப் போற பொம்பளை ஷாம்பு பாக்கெட்டை பிச்சு அஞ்சு நிமிஷத்துல குளிச்சிட்டு ஓடுறப்ப அந்த கதவும் சேந்து போயிருச்சு. செவ்வா வெள்ளி முடியாட்டி ஞாயித்துக்கிழமை வச்சுக்கோங்க, ஒன்னும் குறைஞ்சு போகாது.

பழைய காலத்துல நகரத்தார் வீட்டு ஆச்சிமாருக்கு நேரம் இருந்துச்சு, மத்தியானம் வளவு முற்றத்துல உக்காந்து ஓலைக் கொட்டான் முடைவாக, ஆத்தங்குடி கல்லு பதிச்ச தரையில தலைகாணி கூட இல்லாம ஒரு தூக்கம் போடுவாக, இப்ப நாமதான் ஓடுறோம்னு சிலபேர் சொல்லுவாக. நான் அதை அப்படியே ஒத்துக்க மாட்டேன். அந்த வீடுகள்ல தண்ணி எடுக்கவும் பாத்திரம் விளக்கவும் அம்மியில அரைக்கவும் வேற வீட்டு பொம்பளைக இருந்தாக, எங்க அப்பத்தா அப்படி ஒரு வீட்ல வேலை பாத்தவுகதான், அவுகளுக்கு மத்தியான தூக்கம் கிடையாது. ஊருணிக்கு குடத்தோட போயி வர்ற நேரம்தான் தன்னோட நேரம்னு சொல்லுவாக, நாலு பேரோட பேசிக்கிட்டு நடக்கிறது, படித்துறையில கொஞ்சம் உக்காந்திருக்கிறது. அதுவும் இப்ப வீட்டுக்குள்ள குழாய் வந்ததோட போச்சு, குழாய் வந்தது நல்லதுதான், ஆனா அந்த நடையும் பேச்சும் போன இடம் காலியாவே கிடக்கு. இதை எதுக்கு சொல்றேன்னா ஒருத்தருக்கு ஓய்வு கிடைச்சா அந்த வேலைய வேற யாரோ செய்யத்தான் செய்றாக, அதனால யாருக்கு கைமாத்துறோம்னு பாத்து நியாயமா மாத்தணும், எல்லாத்தையும் பகல்ல வர்ற அந்த அம்மா தலையில கட்டிரக் கூடாது, அவுகளுக்கும் வாரத்துல ஒரு நாள் லீவு வேணும்.

ஆனா அந்த பெரிய வீடுகள்ல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிக்கும். மகனுக்கு கல்யாணம் ஆனதும் "வேறு வைக்கிறது"ன்னு ஒரு வழக்கம், ஒரே வீட்ல இருந்தாலும் தனி அடுப்பு, தனி கணக்கு. ஒரு கூரைக்கு கீழ அத்தனை பேர் இருக்கும்போது எனக்குன்னு ஒரு ஓரம் வேணும்னு கேக்குறது சண்டையா பாக்கப்படல, முறையாவே வச்சிருந்தாக. உங்களுக்கு தனி ரூம் வேண்டாம், மாடிப்படிக்கு பக்கத்துல ஒரு நாற்காலி போதும், அதுல அம்மா உக்காந்திருந்தா கூப்பிடக் கூடாதுன்னு பிள்ளைகளுக்கு சொல்லி வைங்க.

சரி, யார் கைக்கு மாத்துறது. உங்க வீட்ல ஆள் இல்லன்னு நினைக்கிறீங்க, நான் எண்ணிப் பாக்குறேன்.

ஒன்னு, உங்க மாமியாரே. இது படிக்க கடுமையா இருக்கும், ஆனா நர்ஸா நான் சொல்ற விஷயங்கள்ல இதுதான் முக்கியம். பக்கவாதம் வந்தவுகளுக்கு எல்லாத்தையும் நாமளே செஞ்சு விட்டா அவுக தேறுறது தள்ளிப் போகும். இடது கை நல்லா இருக்குல்ல, அந்தக் கையால ஸ்பூன் பிடிச்சு சாப்பிடட்டும், சிந்தட்டும், துடைச்சுக்கலாம். முகம் துடைக்கிறது, தலை சீவுறது, பல்லு விளக்குறது, சட்டை பட்டன் போடுறது, நல்ல கையால ஆரம்பிச்சு வராத கையையும் கூட சேத்து பிடிக்க வைக்கணும். நீங்க அஞ்சு நிமிஷத்துல ஊட்டி விடுறதை அவுக அரை மணி நேரம் எடுத்துப்பாக, எடுக்கட்டும், அவுகளுக்கு அதுவே பயிற்சி, பக்கத்துல உக்காந்து நீங்களும் உங்க தட்டுல சூடா சாப்பிடலாம், நின்னுக்கிட்டே சட்டியிலேருந்து வழிச்சு சாப்பிட வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை, சாப்பிடும்போது நேரா நிமிந்து உக்காந்திருக்கணும், முழுங்கும்போது இருமலோ புரையேறுறதோ அடிக்கடி வந்தா தானா சாப்பிட விடுறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட காட்டி முழுங்குற சக்திய பாக்க சொல்லணும். அந்த நர்ஸ் டொரோதியா ஓரம் சொன்னதும் இதேதான், ஒருத்தரால முடிஞ்சதை அவுகளே செய்யணும், முடியாததுக்கு மட்டும்தான் நாம கை கொடுக்கணும். நானும் எங்க அம்மாவுக்கு மொத வருஷம் பூரா தலை சீவி விட்டேன், கை ரெண்டும் நல்லா இருந்த மனுஷிக்கு. பாசம்னு நினைச்சேன்.

ரெண்டு, சிங்கப்பூர். அங்க நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, இங்க ஏழு மணின்னா அங்க ஒன்பதரை, அவர் வேலை முடிச்சு ரூமுக்கு வந்திருப்பார். தினம் ஏழு மணிக்கு வீடியோ கால், உங்களுக்கு இல்ல, அவுக அம்மாவுக்கு. போனை ஸ்டாண்ட்ல வச்சிட்டு நீங்க எந்திரிச்சு போயிருங்க, அரை மணி நேரம் அவர் பேசட்டும், கையை தூக்கு, விரலை மடக்குன்னு பிசியோ சொல்லிக் கொடுத்த பயிற்சிய அவர் எண்ணட்டும், மகன் சொன்னா அம்மா செய்யிறது மாதிரி மருமக சொன்னா செய்ய மாட்டாக, இது எல்லா ஊர்லயும் உள்ளதுதான். பக்கத்துல சின்னவன் ஹோம்வொர்க்கோட உக்காந்திருக்கட்டும், ஏதாச்சும்னா கூப்பிட ஆள் வேணும்ல. அப்புறம் ஈபி பில், கேஸ் புக்கிங், டயப்பர் ஆர்டர், ஸ்கூல் ஃபீஸ், டாக்டர் அப்பாயின்மென்ட் எல்லாம் போன்ல முடியிற வேலை, அதை அவர் அங்கேருந்தே பாக்கலாம். "பணம் அனுப்புறாரே"ன்னு நீங்க தயங்குவீங்க, பணம் அனுப்புறது பெரிய விஷயம்தான், ஆனா உங்க தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கிற அந்த லிஸ்ட்டை பணம் இறக்கி வைக்காது.

மூணாவது, பாக்க வர்றவுக. நம்ம பக்கம் படுக்கையில ஒருத்தர் இருந்தா சொந்தம் பந்தம் பூரா பாக்க வரும், ஹார்லிக்ஸும் ஆப்பிளுமா வந்து உக்காந்திருவாக, நாம காபி போட்டு, கடையில வாங்கின தேன்குழலோ சீயமோ எடுத்து வச்சு, எப்படி வந்துச்சு, எந்த ஆஸ்பத்திரி, என்ன மாத்திரைன்னு அந்த கதைய முப்பதாவது தடவையா சொல்லி முடிக்கும்போது நமக்குத்தான் ட்ரிப் ஏத்தணும் போல இருக்கும். அவுக அன்போட வாராக, அந்த அன்பை நாம பயன்படுத்திக்கத் தெரியாம வீணாக்குறோம். அடுத்த தடவை பெரியம்மாவோ கொழுந்தியாளோ வந்தாகன்னா காபி போடாதீங்க. "நல்ல நேரத்துக்கு வந்தீக பெரியம்மா, ஒரு முக்கா மணி நேரம் அத்தைகூட உக்காந்திருங்க, நான் ஒரு தூக்கம் போட்டு வாறேன், கூப்பிட்டா மட்டும் எழுப்புங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போங்க. நான் இதை எங்க சித்தி பொண்ணுக்கிட்ட மொதமொத சொன்னப்ப எனக்கு நாக்கு எழல, அவ என்னடான்னா சந்தோஷமா "இதை எப்பவோ சொல்லியிருக்கலாம்ல"ன்னு சொல்லிட்டு அதுக்கப்புறம் வாராவாரம் புதன்கிழமை அவளா வந்தா. பாக்க வர்றவுகளுக்கும் சும்மா உக்காந்திருக்கிறது சங்கடம்தான், ஒரு வேலைய கொடுத்தா அவுக மனசும் ஆறும். என்ன கொண்டு வரட்டும்னு போன்ல கேட்டா "ஆப்பிள் வேண்டாம், ராத்திரிக்கு குழம்பு மட்டும் கொண்டாங்க"ன்னு கூச்சப்படாம சொல்லுங்க.

நாலாவது அரசு. மக்களைத் தேடி மருத்துவம்னு தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம் இருக்கு, அதுல பி.பி., சுகர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறதோட படுக்கையில இருக்கிறவுகளுக்கு பிசியோதெரபியும் வலி தணிப்பு கவனிப்பும் வீட்டுக்கு வந்து கொடுக்கிறதும் சேந்ததுதான். உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் அத்தை பேரை பதிஞ்சு வைங்க. மாத்திரைக்கு ஆஸ்பத்திரில வரிசையில நிக்கிற பாதி நாள் உங்களுக்கு மிச்சம். பிள்ளைகளை தனியா சொல்லணும்னு இல்ல, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு சோறு வடிக்கவும் துணி மடிக்கவும் தெரியணும், அது பையனா இருந்தா இன்னும் கட்டாயமா தெரியணும்.

அடுத்து தூக்கம். காலைல நாலரைக்கு எந்திரிச்சு ராத்திரி பதினொன்னுக்குத்தான் படுக்கிறதாவும் எழுதியிருக்கீங்க, ராத்திரி நடுவுல திருப்பிப் படுக்க வைக்க எந்திரிப்பீங்க, அப்ப கூட்டிப் பாத்தா அஞ்சு மணி நேரம் கூட வராது, அதுவும் துண்டு துண்டா. பெரியவுகளுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேணும். படுக்கைப்புண்ணு வராம இருக்க ரெண்டு மணிக்கொரு தடவை திருப்பணும்னுதான் சொல்லிக் கொடுப்போம், அது சரிதான், ஆனா உங்க அத்தைக்கு ஒரு பக்கம் நல்லா இருக்கு, கட்டில் ஓரத்துல பிடிமானம் ஒன்னு வச்சா அவுகளே கொஞ்சம் நகந்துக்க பழகலாம். காத்து மாறி மாறி ஏறி இறங்குற ஏர் பெட் கிடைக்குது, அதைப் போட்டாலும் திருப்பணும்தான், ராத்திரி இடைவெளிய கூட்டலாமான்னு தோலைப் பாத்துட்டு டாக்டரோ வீட்டுக்கு வர்ற நர்ஸோ சொல்லுவாக, நீங்களா முடிவெடுக்க வேண்டாம், ஆனா வாய் விட்டு கேளுங்க, கேக்காம யாரும் சொல்றதில்ல. தண்ணிய சாயங்காலத்துக்குள்ள நிறைய குடிக்க வச்சு ராத்திரி குறைச்சா நடுச்சாம டயப்பர் மாத்துறது ஒன்னு குறையும், கிட்னி, இதய பிரச்சனை இருந்தா மட்டும் தண்ணி அளவை டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க. அப்புறம் திருப்பும்போதும் மேல தூக்கும்போதும் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, அவுக தோளும் இறங்கிரும், உங்க இடுப்பும் போயிரும். இடுப்புக்கு அடியில ஒரு பெட்ஷீட்டை நாலா மடிச்சு குறுக்க போட்டு ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சு அந்த துணியோட நகத்துங்க, முட்டிய மடக்கி நில்லுங்க, முதுகை வளைக்காதீங்க. என் அடிமுதுகுல எல்5ங்கிற எலும்பு கிட்ட இருக்கிற வலி எங்க அம்மாவை தனி ஆளா தூக்கினதுல வந்தது, இத்தனைக்கும் இதை நூறு பேருக்கு சொல்லிக் கொடுத்தவ நான்.

ராத்திரி பதினொன்னுக்கு எல்லாரும் தூங்கின பிறகு போனை எடுத்து ஒரு மணி நேரம் ரீல்ஸ் பாக்குறதை நிறைய பேர் என்கிட்ட சொல்லியிருக்காக, நீங்க சொல்லல, ஆனா இருந்தாலும் இருக்கும். அதை நான் திட்ட மாட்டேன், நாள் பூரா யாராச்சும் கூப்பிட்டுக்கிட்டே இருந்த பொம்பளைக்கு யாரும் கூப்பிடாத ஒரே நேரம் அதுதான். ஆனா அது தூக்கத்துலேருந்து கடன் வாங்கின நேரம். ஏழு மணிக்கு அந்த அரை மணி நேரம் ஒழுங்கா கிடைச்சுதுன்னா ராத்திரி போனைத் தேடுற கை தன்னால குறையும், எனக்கு அப்படித்தான் குறைஞ்சுச்சு.

உடம்பு செக்கப் பத்தி சுருக்கமா சொல்றேன். உங்களுக்கு முப்பது வயசு தாண்டியாச்சு, ஆரம்ப சுகாதார நிலையத்துல பி.பி., சுகர் பாக்குறதோட கர்ப்பப்பை வாய், மார்பக புற்றுநோய் பரிசோதனையும் காசில்லாம பாக்குறாக, ஒரு அரை நாள் லீவு போட்டு போய்ட்டு வாங்க, அத்தைய கூட்டிக்கிட்டு போறப்ப சேத்து பாத்துக்கலாம்னு வைக்காதீங்க, அன்னைக்கு உங்களை மறந்துருவீங்க. ஹீமோகுளோபினும் பாருங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 15லேருந்து 49 வயசுக்குள்ள உள்ள பொம்பளைகள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. படியேறினா மூச்சு வாங்குது, எப்ப பாத்தாலும் அசதி, எரிச்சல்னு நாம வேலை மேல பழியப் போட்டுக்கிட்டு இருப்போம், பாத்தா ஹீமோகுளோபின் எட்டு ஒன்பதுல நிக்கும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தாகன்னா டீ காபியோட சேத்து போடாதீங்க, சாப்பிட்ட உடனே டீ குடிக்கிறதையும் ஒரு மணி நேரம் தள்ளி வைங்க, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேத்துக்கிட்டா சத்து நல்லா ஏறும். நடக்கிறதுக்கு வாரத்துக்கு 150 நிமிஷம்னு கணக்கு சொல்லுவாக, மொத்தமா நினைச்சா மலைப்பா இருக்கும், ஸ்கூலுக்கு ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கி வேகமா பதினஞ்சு நிமிஷம் நடந்து, திரும்பும்போதும் அப்படியே நடந்தீங்கன்னா அது வந்துரும்.

மனசு. ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் நாள் பூரா மனசு கனமா இருக்கு, எதுலயும் ஒட்டல, அழுகையா வருது, இல்ல அத்தை மேல கை ஓங்கிர்ற அளவுக்கு கோவம் வருது, செத்துப் போயிரலாம்னு தோணுதுன்னா அதுக்கு அரை மணி நேர ஓய்வு மருந்து இல்ல. 14416னு மனநல உதவிக்கான டெலி மானஸ் நம்பர் இருக்கு, காசு கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாக, தமிழ்லயே பேசலாம். கவனிச்சுக்கிற வேலையில இருக்கிறவுகளுக்கு இது வரும், நான் வார்டுல பாத்திருக்கேன், நோயாளி தேறி வீட்டுக்கு போறப்ப கூட இருந்து பாத்தவுக கட்டிலுக்கு வந்திருப்பாக.

கடைசியா அத்தை முகம் சுருங்குறது. இதைத்தான் நீங்க எல்லாத்தையும் விட பெருசா கேட்டிருக்கீங்கன்னு எனக்கு தெரியும். அவுக கோணத்துல பாருங்க, வலது பக்கம் வேலை செய்யல, மகன் கடல் தாண்டி இருக்கான், நீங்க கதவைத் தாண்டினா திரும்பி வருவீங்களாங்கிற பயம் அது, உங்க மேல உள்ள கோவம் இல்ல. எங்க அம்மாவும் அப்படித்தான் இருந்தாக. நான் சாயங்காலம் நாலு மணிக்கு அரை மணி நேரம் பின்கட்டுல உக்காந்திருக்கப் போறேன்னு சொன்ன மொத நாள் அஞ்சு தடவை கூப்பிட்டாக, தண்ணி வேணும், ஃபேன் வேகம் வேணும், என்ன மணி. பக்கத்து வீட்டு காலேஜ் பிள்ளை ஒருத்திய அந்த நேரத்துக்கு கூட உக்கார வச்சிருந்தேன், அவளும் ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் பாத்தா. நான் போகல. அந்த அரை மணி நேரம் பூரா எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, ஓய்வுன்னு சொல்லவே முடியாது. ஆனா போகும்போது "நாலரைக்கு வந்துருவேம்மா"ன்னு சொல்லிட்டு போனேன், சுவத்து கடிகாரத்துல நாலரை ஆனதும் நிமிஷம் பிசகாம போய் நின்னேன், மறுநாளும் அப்படியே. மூணாவது வாரம் ஒரு நாள் நான் துணி மடிச்சுக்கிட்டு நேரத்தைப் பாக்காம இருக்கேன், எங்க அம்மா கட்டில்லேருந்து "ஏத்தா நாலு மணி ஆச்சுல்ல, நீ போ, அந்த பிள்ளை வந்துருவா"ன்னு சொன்னாக.

அதனால நேரம் சொல்லிட்டு போங்க, சொன்ன நேரத்துக்கு திரும்பி வாங்க, ஏழு மணின்னா ஏழு, ஏழரைன்னா ஏழரை. மொத ரெண்டு வாரம் கூப்பிடத்தான் செய்வாக. பக்கத்துல சின்னவன் இருக்கான், போன்ல அவுக மகன் இருக்கார், அப்ப எந்திரிச்சு உள்ள போகாதீங்க.

இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்காரர்ட்ட ஏழு மணி வீடியோ கால் பத்தி பேசிட்டு என்ன சொன்னாருன்னு எழுதுங்க, அவருக்கு பயிற்சி எப்படி சொல்லிக் கொடுக்கிறதுன்னு தெரியாட்டி கை கால் பயிற்சிய நான் ஒவ்வொன்னா எழுதித் தாறேன்.